வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்புகள்: தாமதமாகத் திறந்த பக்கம்

தெரியாத எண்களின் அழைப்பை ஒலியடக்கும் வசதி 2023 ஜூனிலேயே வந்துவிட்டது. இத்தனை நாள் போடாமல் இருந்ததற்கு என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். இப்போது அந்த வாட்ஸ்அப் அழைப்புகள் மணியடிப்பதில்லை; பட்டியலில் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. மதியத் தூக்கம் பிழைத்தது.

கடைசியாக எப்போது வந்தோம் என்பதை மறைப்பதில் ஒரு கணக்கு உண்டு. நாம் மறைத்தால் அடுத்தவருடையதும் நமக்குத் தெரியாது. நியாயம்தான், ஆனாலும் முதல் இரண்டு நாள் கை பரபரத்தது.

குழுவில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினேன். மற்றவர்கள் இனி நேரே இழுத்துப்போட முடியாது, அழைப்பு இணைப்புதான் அனுப்பலாம். அப்புறம், குழுவை விட்டு வெளியேறினால் அறிவிப்பு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகும். சரி, நிர்வாகியே என் சித்தப்பா என்றால்?