விதை போட்டு வளர்த்த தூதுவளை: நாலு வருட அனுபவம்

தூதுவளையை விதை போட்டு வளர்த்தேன் என்றால் சிரிக்கிறார்கள். வேலியோரம் ஒரு கொடியை ஒடித்து நட்டால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று. சரிதான், ஆனால் வேலூரில் எங்கள் தெருவில் வேலி ஏது, எல்லாம் காம்பவுண்டு சுவர். ஊரிலிருந்து அம்மா தாளில் மடித்துக் கொடுத்த பழம்தான் கையில் இருந்தது.

முதல் தடவை 30 விதையைத் தேங்காய் நார்க்கழிவில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியே கெடுத்தேன். முளைத்தது நாலு, நாலும் தண்டு அழுகிச் சாய்ந்தன. அடுத்த தடவை நன்றாகச் சிவந்த பழங்களைத் தண்ணீரில் பிசைந்து, மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, செம்மண், மணல், தொழுவுரம் கலந்த தட்டில் தூவி, தண்ணீரைக் கையால் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. தட்டைக் கொட்டிவிடலாம் என்று இருந்தபோது எட்டிப் பார்த்தது, மொத்தம் 11 கன்று. பார்க்க அசல் கத்தரி நாற்று, அதே குடும்பம்தானே. இலையில் முள் வந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

அதில் மூன்றை மாடியில் சிமெண்ட் தொட்டிகளில் வைத்து கிரில்லில் ஏற்றிவிட்டேன். முதல் வருடம் ரசத்துக்குக்கூடக் காணாது. இரண்டாம் வருடத்திலிருந்து பறித்து மாளவில்லை. சித்திரை வெயிலில் காய்ந்து சருகாகும், பயப்பட வேண்டாம், ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டால் ஆடியில் திரும்பத் துளிர்க்கும். நாலு வருடமாக இதே கதைதான். தொல்லை என்றால் மாவுப்பூச்சியும், இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும். வண்டைக் கையால் பொறுக்குவேன், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்.

முள்தான் உண்மையான குறை. இலையின் இரண்டு பக்கமும் இருக்கும், கத்தரிக்கோல் இல்லாமல் பறிக்கப் போகாதீர்கள். முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையல் அரைத்தால் தொண்டைச் சளிக்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் வைத்தியம். ஒரு வாரத்துக்கு மேல் இருமினால் டாக்டரிடம்தான் போகிறோம், அது வேறு. காயை மோரில் ஊறவைத்து வற்றலும் போடலாம், சுண்டைக்காய் மாதிரியே கசக்கும்.

போன மாதம் மல்லிகைத் தொட்டியில் இரண்டு தூதுவளைக் கன்று. சாம்பலில் புரட்டவில்லை, நிழலில் உலர்த்தவில்லை, ஏதோ குருவி தின்றுவிட்டுப் போட்டது.