சீ, லுக், வாட்ச்: செட்டிநாட்டு வீட்டைக் காட்டும்போது எது?

கானாடுகாத்தானில் பெரிய வீட்டைச் சுற்றிக்காட்டும் தம்பி ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஓயாமல் தேவைப்படுவது ‘பாருங்கள்’தான். அங்கே அதற்கு சீ, லுக், வாட்ச் என்று மூன்று வினைகள் போட்டி போடுகின்றன. எதைச் சொன்னாலும் விருந்தாளி புரிந்துகொள்வார். ஆனாலும் பொருத்தமானதைச் சொன்னால்தான் அவர் கண் போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், வந்ததும் பர்மா தேக்குத் தூண்கள் தாமாகவே கண்ணில் படுகின்றன. அது சீ. நாம் முயல்வது எதுவும் இல்லை. வாசல் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கும் கஜலட்சுமியை நாம் காட்டினால்தான் அவர் தலையை நிமிர்த்துவார். அது லுக். எதைப் பார்ப்பது என்று சொல்லும்போது லுக்குக்குப் பின்னால் ‘அட்’ வந்தே தீரவேண்டும். சீக்கும் வாட்சுக்கும் அந்த ‘அட்’ ஆகாது. ‘ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் சீ இட்’ என்றால் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வாட்ச் முழுசாக விளங்கும் இடம் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறை. கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திச் சமன்செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், சூளை கிடையாது. கண்ணாடியில் பட்டிருந்த பக்கம்தான் கல்லின் வழவழப்பான மேல்முகம். இப்படி நகர்ந்துகொண்டே, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை விடாமல் பார்ப்பது வாட்ச். செய்து முடித்த கல்லைக் காட்ட லுக் அட் போதும். ஊற்றும் கையைக் காட்டும்போது லுக் அட் என்றால் ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். வாட்ச் என்றால் நிற்பார். அந்தக் கைவேலைக்கு நின்று பார்க்கும் மரியாதை கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

சீயின் இறந்தகாலம் ‘சா’, ஊற்றுவது ‘போர்’. ‘சா ஹிம் போர்’ என்றால் அவர் ஊற்றி முடிக்கும்வரை பார்த்தது. ‘சா ஹிம் போரிங்’ என்றால் ஊற்றிக்கொண்டிருந்தபோது பார்த்தது.

நம் ஊரில் அதிகம் கேட்கும் பிழை ‘ஐ ஆம் சீயிங் டிவி’. டிவிக்கு வாட்ச்தான். ‘சீயிங்’ டாக்டரைப் பார்க்கப் போவதற்குச் சரி. வேறொருவர் பெயரைச் சொன்னால் காதலிப்பதாகப் பொருள்படலாம், கவனம். சினிமாவுக்கு இரண்டும் செல்லும். நான் வாட்சையே சொல்லச் சொல்வேன்.

ஸ்டேரும் கேய்ஸும் நெடுநேரம் பார்ப்பதுதான். மச்சின் வேலைப்பாட்டில் மயங்கி நிற்பது கேய்ஸ். வந்த விருந்தாளியையே கண்கொட்டாமல் பார்ப்பது ஸ்டேர், அது மரியாதைக் குறைவு. கிளான்ஸ் நாமாகச் சட்டென்று வீசும் பார்வை. கிளிம்ப்ஸ் சட்டென்று கிடைக்கும் காட்சி. கதவிடுக்கு வழியாக என்றால் பீப்.

‘பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க’ என்பதற்கு வாட்ச். ஆச்சியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது லுக் ஆஃப்டர். வெள்ளைப் பணியாரத்தைத் தட்டில் வைத்து ‘சாப்பிட்டுப் பாருங்க’ என்னும்போது சீ, லுக், வாட்ச் மூன்றும் வேண்டாம், ‘ட்ரை’ போதும்.