டிவிடி டிரைவ் "டெட்" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

திருச்சியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் என் பெரியப்பாவிடம் 3,400 ரூபாய் கறந்திருக்கிறார்கள். பணம் மட்டும் போயிருந்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். நன்றாக இருந்த டிவிடி டிரைவைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கேயோ கிடந்த ஒரு ஓட்டை டிரைவை அந்த இடத்தில் சொருகி, "புதுசு சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. இந்த வித்தை எந்த ஊர்க் கடையிலும் நடக்கக்கூடியதுதான், அதனால் என்ன செய்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பாவிடம் இருப்பது 2016-ல் வாங்கிய லேப்டாப், உள்ளேயே டிவிடி ரைட்டர் இருக்கும் மாடல். இந்தக் காலத்தில் டிவிடி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். அவர் வீட்டு பீரோவில் அக்கா கல்யாணம், பேரப்பிள்ளைகள் காதுகுத்து, அவருடைய அறுபதாம் கல்யாணம் எல்லாமே டிவிடியில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நடுவில், சிடி ரைட் பண்ணும் பழைய மென்பொருள் ஒன்று இனி தேவையில்லை என்று அன்இன்ஸ்டால் செய்தார். அடுத்த முறை ஆன் செய்தபோது 'திஸ் பிசி'யில் டிரைவைக் காணோம். பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்க்கைப் போட்டால் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கிறது. விண்டோஸில் மட்டும் இல்லை.

நான் அப்போது ஊரில் இல்லை. அவர் டிவைஸ் மேனேஜரை, அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் கருவிகளை எல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் இடத்தைத் திறந்து, திரையை அப்படியே போனில் படமெடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கடைக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் படம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

கவுண்டரில் இருந்த பையன் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லையாம். "டிரைவ் டெட் சார், லென்ஸ் போயிடுச்சு. புதுசு 1,800 ஆகும்." சரி என்று விட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் போன்: "சார், டிரைவ் மாத்தியும் வரலை, மதர்போர்டுல போர்ட் அடிபட்டிருக்கு, போர்டு ரிப்பேர் 1,600." மறுநாள் போய் வாங்கும்போது ஒரு எம்பி3 சிடியைப் போட்டுப் பாட்டு ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் சார், பரவாயில்லையா?" என்று ஒரு கேள்வி. கடைசியில் கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டுதான் கிடைத்தது. பணத்தை யுபிஐயில் போட்டதால் அதற்காவது ஒரு தடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கல்யாண டிவிடியைப் போட்டால், சுற்றுகிறது, நிற்கிறது, திரும்பச் சுற்றுகிறது, கடைசியில் டிஸ்க்கைப் போடுங்கள் என்கிறது. எந்த டிவிடியைப் போட்டாலும் இதே கதை. ஆனால் சிடி மட்டும் ஓடுகிறது. டிவிடி டிரைவுக்குள் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் என்று இரண்டு தனித்தனியாக உண்டு. ஒன்று தேய்ந்துபோனாலும் இன்னொன்று வேலை செய்துகொண்டிருக்கும். கடையில் டிவிடி போடாமல் பாட்டு சிடியைப் போட்டுக் காட்டியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

நான் ஊருக்கு வந்ததும் முதலில் பார்த்தது டிரைவின் முகப்புத் தகடு. லேப்டாப்பின் ஓரம் லேசாக வளைந்து போகும், இந்தத் தகடு நேராக இருக்கிறது, நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூதான், அதைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்தேன். லேபிளில் தயாரிப்பு மாதம் மே 2011! 2016 லேப்டாப்புக்கு 2011 டிரைவ், அதுவும் "புதுசு". மேலே தூசி படிந்து, ஒரு மூலையில் ஏற்கனவே ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பசை.

அப்புறம் 'போர்டு ரிப்பேர்'. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்த தேதி இருக்கும். லேப்டாப் கடையில் இருந்த அதே தேதி. ஆக, போர்டில் கை வைக்கவே இல்லை. சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிட்டு அதற்கு போர்டு ரிப்பேர் என்று பெயர் வைத்து 1,600 வாங்கியிருக்கிறார்கள். பெரியப்பாவின் பிரிண்டர், தமிழ் டைப்பிங், டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் எல்லாம் போச்சு. வீடியோக்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தன.

இப்போது அந்த வாட்ஸப் படத்துக்கு வருகிறேன். அதில் டிவிடி டிரைவின் மாடல் பெயர் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், திறந்தால் கோட் 19 என்ற பிழை எண். டிவைஸ் மேனேஜரில் பெயர் வருகிறது என்றால் டிரைவ் உயிரோடு இருக்கிறது, தன் பெயரைச் சொல்கிறது, அந்தப் பெயர் போர்ட் வழியாக விண்டோஸ் வரை வந்து சேர்கிறது. டெட் என்பதும் பொய், போர்ட் போச்சு என்பதும் பொய். லென்ஸ் போனாலும் டிரைவ் காணாமல் போகாது, ஐகான் இருக்கும், டிஸ்க்கைத்தான் படிக்காது. பையன் முதலில் சொன்ன வார்த்தையே ஒட்டவில்லை.

உண்மையான கோளாறு வேறு. சிடி ரைட் பண்ணும் மென்பொருள்கள், ஐடியூன்ஸ் போன்றவை, விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் தரகர் மாதிரி ஃபில்டர் டிரைவர் என்ற ஒரு குட்டி மென்பொருளை உட்கார வைக்கும். மென்பொருளை நீக்கும்போது சில சமயம் அந்த ஃபைல் போய்விடும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் அதன் பெயர் மட்டும் தங்கிவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடும், கிடைக்காது, அதனால் டிரைவையே துவக்காது. கோட் 19 மட்டுமல்ல, 31, 32, 39, 41 என்று வந்தாலும் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 2005-ல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் தன் சிடிக்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காப்பு மென்பொருளை ஒளித்து வைத்தது, மார்க் ருஸ்ஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் அதைக் கண்டுபிடித்து நீக்கியபோது அவர் கம்ப்யூட்டரில் சிடி டிரைவே காணாமல் போனது. அங்கேயும் இதே ஃபில்டர் விவகாரம்தான். அவ்வளவு பழைய, ஊரறிந்த கோளாறு இது.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாகப் போய், 4டி36இ965 (4D36E965) என்று தொடங்கும் கிளையைத் திறக்க வேண்டும். வலப்பக்கம் 'கிளாஸ்' என்ற இடத்தில் 'சிடிராம்' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஏனென்றால் இரண்டு வரி கீழே 4டி36இ967 (4D36E967) என்று இன்னொரு கிளை இருக்கிறது, அது ஹார்ட் டிஸ்க்குக்கானது, அதில் கை வைத்தால் விண்டோஸ் ஏறவே ஏறாது. சரியான கிளைதான் என்று உறுதியானதும் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) இரண்டில் எது இருந்தாலும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியில் 'பேக்' (.bak) என்று முடியும் பிரதி ஏதாவது இருந்தால் அதைத் தொட வேண்டாம். இதற்குப் பிறகு ரைட் பண்ணும் மென்பொருள் ஏதாவது வேலை செய்யாவிட்டால் அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் போதும்.

டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை என்றால் அது வேறு பிரச்சினை. ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் டிரைவ் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் இணைப்பைச் சந்தேகப்படலாம். டெஸ்க்டாப் என்றால் டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும், கிளிப் இல்லாத பழைய கேபிள்கள் தானாகவே நழுவும். யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் என்றால் பெரும்பாலும் கரண்ட் பற்றாக்குறை. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்ப்தான் தரும், டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் டிரைவ் வந்து வந்து மறையும். ஹப்பை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள்.

கடைக்கு நானும் பெரியப்பாவும் போனோம். முதலாளி, "தம்பி, செகண்ட் ஹேண்ட் டிரைவ்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். "அண்ணே, புதுசுன்னு சொல்லித்தானே 1,800 வாங்கினீங்க?" என்றேன். பெரியவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஆரம்பித்தார். வாட்ஸப் படத்தையும் கழற்றிய டிரைவின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டு ஏதோ திட்டினார், அவன் மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் துழாவி எங்கள் டிரைவை எடுத்துக் கொடுத்தான். "மாறிப்போச்சு சார்." எப்படி மாறும்? அடுத்த லேப்டாப்பில் ஏற்றிவிடத்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். 1,800 திரும்பி வந்தது. 1,600 சர்வீஸ் சார்ஜ், தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. துண்டுச்சீட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸப் படம், விண்டோஸ் இன்ஸ்டால் தேதியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் எதையாவது கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் டிரைவ், ஹார்ட் டிஸ்க், ரேம் எல்லாவற்றின் லேபிளையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அதையும் கடைக்காரர் பார்க்கும்படியே எடுங்கள். புகாருக்குப் பதில் வரவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், அதற்கான தாள்களைப் பெரியப்பாவே ஒரு ஃபைலில் போட்டு வைத்துவிட்டார்.