யென்கும் பார்2வும் இருக்க ரார் எதற்கு? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு புலம்பல்

தொலைந்த பகுதிகளை மீட்டுத் தரும் பார்2 இல்லாமல் போயிருந்தால், பழைய செய்திக்குழு வலையமைப்பான யூஸ்நெட்டை நான் எப்போதோ விட்டிருப்பேன். ஃபைலைத் துண்டுதுண்டாகக் கட்டும் ரார் இன்னும் ஒழியாததால் ஒருநாள் விட்டுவிடுவேன் போலிருக்கிறது. தானே எடுத்த 40 ஜிபி வீடியோவை நியூஸ்குரூப்பில் (யூஸ்நெட்டின் ஒரு குழுவில்) போட வேண்டும், ராரில் 50 எம்பி துண்டா 100 எம்பி துண்டா என்று நண்பன் ஒருவன் கேட்டான். துண்டே வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கோபம் அடங்காததால் இவ்வளவு நீளம்.

முதலில் யென்க், அதாவது ஃபைலை யூஸ்நெட்டில் அனுப்பத் தக்க எழுத்துகளாக மாற்றும் முறை. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய முறையான யுயுஎன்கோட் காலத்தில் 3 பைட் 4 எழுத்தாகும். வரிக்கு 45 பைட்தான், அதோடு நீளம் சொல்லும் எழுத்து, வரி முடிவு. மொத்தத்தில் 100 எம்பி ஃபைல் 138 எம்பி ஆகிவிடும். டயல்அப் இணைப்பில் மேலேற்றியவர்களுக்கு அந்த 38 எம்பியின் வலி தெரியும். 2001-இல் யூர்கன் ஹெல்பிங் செய்தது வேடிக்கையான அளவுக்கு எளிய காரியம்: ஒவ்வொரு பைட்டோடும் 42-ஐக் கூட்டு, 255-ஐத் தாண்டினால் சுற்றி வா, அவ்வளவுதான். பூஜ்யம், வரி முடிவுக் குறிகள் இரண்டு, சமக்குறி என்று நான்கு மதிப்புகளை மட்டும் முன்னால் ஒரு சமக்குறி போட்டு மாற்றி அனுப்பினால் போதும். 128 எழுத்து வரியில் கணக்குப் போட்டால் கூடுதல் சுமை சுமார் 3 சதவீதம். ஒவ்வொரு ஆர்டிகிளின் (ஃபைல் பிரிந்து போகும் தனித்தனிச் செய்தியின்) கடைசி வரியிலும் சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண் வேறு வருவதால் எந்த ஆர்டிகிள் கெட்டது என்பது உடனே தெரிந்துவிடும். இது முறையான இணையத் தரமாக ஆகவே இல்லை என்று சிலர் இன்னும் மூக்கைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், வேலை நடக்கிறது.

அப்புறம் பார்2. இத்தனை காலம் பயன்படுத்திய பிறகும் இது எனக்கு அலுக்கவில்லை. ஃபைலைச் சம அளவு பிளாக்குகளாகப் பிரித்து, ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தக் கணக்கில் உபரி பிளாக்குகளை உருவாக்குகிறது. அழகு எங்கே என்றால், எந்தப் பிளாக் தொலைந்தது என்பது முக்கியமே இல்லை. 200 பிளாக் காணோமா, உபரியில் ஏதோ 200 கையில் இருந்தால் போதும். கல்யாணப் பந்தியில் உபரி இலை போட்டு வைப்பது போலத்தான். யார் வந்தாலும் எந்த இலையிலும் உட்காரலாம். போன மாதம் ஒரு பழைய போஸ்டை இறக்கினேன். நடுநடுவே ஆர்டிகிள்கள் காணவில்லை. உபரி ஃபைல்கள் சிலவும் அரைகுறை. அந்த அரைகுறையில் தேறியதையும் பொறுக்கி எடுத்து முழு ஃபைலையும் ஒட்டிக் கொடுத்துவிட்டது. மற்ற ஃபைல்களின் பெயர்களெல்லாம் தாறுமாறாக மாறியிருந்தன. அவற்றையும் அதுவே சரிசெய்தது. ஒவ்வொரு ஃபைலின் முதல் 16 கேபிக்கும் கைரேகை மாதிரி ஒரு எம்டி5 குறிப்பை உள்ளே வைத்திருக்கிறது, அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: பிளாக் அளவு. அதை ஆர்டிகிள் அளவோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். நான் ஆர்டிகிளுக்கு 7,16,800 பைட் வைக்கிறேன். பிளாக்கும் அதே அளவு என்றால் ஒரு ஆர்டிகிள் தொலைந்தால் ஒரு பிளாக்தான் நஷ்டம். அளவு பொருந்தாமல் எல்லையில் குறுக்கே விழுந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போகும். ஆனால் பார்2-இல் 32,768 பிளாக்குக்கு மேல் முடியாது. அதாவது இந்த அளவில் 23 ஜிபி சொச்சத்தோடு கதை முடிந்தது. 40 ஜிபி என்றால் இருமடங்கு, 14,33,600 பைட்; சுமார் 28 ஆயிரம் பிளாக் வரும். நிரலைத் தானாக முடிவெடுக்க விட்டால் இதையெல்லாம் பார்க்காது. உபரி பிளாக் எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடும். பழைய பார்2 கட்டளை நிரலில் ஓட விட்டுத் தூங்கப் போன காலம் உண்டு. பார்2 உருவாக்கும் பார்பார் என்ற நிரல் வந்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை, பிராசஸரைப் பிழிந்து வேலை வாங்குகிறது.

சரி, இப்போது ராருக்கு வருகிறேன். இந்தப் பிரிக்கும் வழக்கம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது, மறுக்கவில்லை. துண்டு தொலைந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி போடச் சொல்லிக் கேட்கலாம். 2001 வாக்கில் வந்த முதல் பார் முழு ஃபைல் கணக்கில்தான் வேலை செய்தது. தொலைந்த ஒரு ஃபைலுக்கு ஒரு உபரி ஃபைல். எல்லாத் துண்டும் சம அளவில் இருந்தால்தான் அதில் லாபம். பார்2 2003-இல் பிளாக் கணக்குக்கு மாறியதோடு அந்தக் காரணம் செத்துப்போனது. சடங்கு மட்டும் சாகவில்லை! வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, ராரில் ஒரு மெகாபைட்கூடக் குறையாது. எல்லோரும் சுருக்காமல் வெறுமனே துண்டுதான் போடுகிறார்கள். இறக்குபவன் 40 ஜிபி துண்டுகளை வைத்துக்கொண்டு, அதை விரிக்க இன்னொரு 40 ஜிபி இடம் தேட வேண்டும். வட்டு முழுக்க ஒருமுறை படி, முழுக்க ஒருமுறை எழுது. என் எரிச்சல் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. போஸ்ட் செய்பவருக்கு ஒரு கட்டளை, இறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டு.

நியாயமாகப் பேசினால் ராருக்கு இரண்டு இடம் உண்டு. கோப்புறைக்குள் கோப்புறை என்று இருந்தால் பார்2-ஐ நம்ப முடியாது. எல்லா நிரலும் அதை ஒரே மாதிரி கையாள்வதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்ட வேண்டுமென்றாலும் ரார்தான். ஒற்றை வீடியோவுக்கு இரண்டுமே தேவையில்லை.

சர்வரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சந்தா கட்டிய ஒரு நிறுவனத்தின் சர்வர் 240 என்று சொல்லி ஆர்டிகிளை வாங்கிக்கொள்ளும், அதாவது ஏற்றாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆர்டிகிளைக் கேட்டால் 430, அப்படி ஒன்று இல்லை. அதனால் போட்டதோடு நிற்காமல் திரும்பிப் போய் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை மறுபடி போடும் நிரல் வேண்டும். நியூ (Nyuu) என்ற போஸ்ட் செய்யும் நிரல் அதைச் செய்கிறது. 40 ஜிபிக்கு 56 ஆயிரம் ஆர்டிகிள் பக்கம் வரும், கையால் யார் பார்ப்பது?

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பனுக்கு நான் கொடுத்த பதில் என்ன தெரியுமா? யூஸ்நெட் பக்கமே போகாதே, நாலு பேருக்குத்தானே, டிரைவில் போட்டு லிங்க் அனுப்பு. மதிப்பெண் கேட்டால் யென்குக்கு ஐந்துக்கு நாலரை, பார்2-க்கு ஐந்துக்கு ஐந்து, மொத்த அனுபவத்துக்கு இரண்டு. கூட்டல் இடிக்கிறது என்று யாராவது சொல்ல வந்தால், முதலில் நேற்று நான் இறக்கிய அந்த 800 சொச்ச ரார் துண்டுகளை விரித்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.