மைக்ரோஸ்கோப் தங்கம், ஸ்டாண்டு தகரம்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணா, நீங்க வெச்சிருக்கீங்களே அதே மைக்ரோஸ்கோப், 1,600 ரூபாய்க்கு இறங்கியிருக்குங்க. ஒன்னு ஆர்டர் போட்டுறட்டுங்களா?"

நான் 2019-ல் 2,400 கொடுத்து வாங்கியது. கேட்டதும் கொஞ்சம் வயிறு எரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேப்டாப்பில் செருகும் சாதாரண யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்தான். சுற்றி எட்டு எல்.இ.டி., கழுத்தில் உருட்டுகிற ஃபோகஸ் வளையம், கூடவே ஒரு ஸ்டாண்டு. பத்துப் பெயரில் ஒரே சாமான் வருகிறது, அதனால் பெயர் வேண்டாம். செல்போன் போர்டு ரிப்பேர் பார்க்கவும் பிள்ளைகளுக்கு எறும்பு காட்டவும் இதை வாங்குகிறார்கள். நான் வாங்கியது விக்டோரியா ராணியின் பென்னி ரெட் ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, அச்சுக்கூடத்திலிருந்து வந்தபோது இருந்த முழுத் தாளாகத் திரும்ப அடுக்குவதற்கு.

இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்காக நாலு வரி. 1840-ல் வந்த பென்னி பிளாக்கிலிருந்தே (உலகத்தின் முதல் தபால் ஸ்டாம்பு, கறுப்பு நிறம்; பென்னி ரெட் அதற்கு அடுத்து வந்த சிவப்பு) ஒரு தாளில் 240 ஸ்டாம்பு. குறுக்கே 12, நெடுக்கே 20. அன்றைக்கு 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. நம் பழைய 16 அணாக் கணக்கு மாதிரிதான். ஒரு வரிசை கிழித்தால் ஒரு ஷில்லிங், தாள் முழுக்க ஒரு பவுண்டு. கள்ள ஸ்டாம்பு அடிப்பவனைத் திணறடிக்க ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் வெவ்வேறு எழுத்து வைத்தார்கள். இடது மூலை எழுத்து எத்தனையாவது வரிசை என்று சொல்லும், வலது மூலை எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். ஏ-ஏ-யில் தொடங்கி டி-எல்-லில் முடியும். டெல்லி டி இல்லை, தஞ்சாவூர் டி. என் வீட்டம்மாதான் நோட்டில் எழுதுவார், நான் பார்த்துச் சொல்வேன். "பி" என்றால் "பாம்பே பி-யா, பாண்டிச்சேரி பி-யா?" என்று திருப்பிக் கேட்பார். முதல் ஆறு மாதம் அப்படிக் கேட்காமல் எழுதியதில் நோட்டு பாதி பாழ்.

இருபது வரிசை என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவும் இருபது. பேரன் ஒவ்வொரு வளைவிலும் ஒரு எழுத்தைக் கத்திக்கொண்டே வருவான். கே, எல் வரும்போது அவன் அம்மாவுக்கு வாந்தி வரும்.

1864-லிருந்து நான்கு மூலையிலும் எழுத்து போட்டார்கள். மேலே இருப்பது கீழே இருப்பதன் தலைகீழ் வரிசை. கீழே கியூ-ஜி என்றால் மேலே ஜி-கியூ. இதோடு இரண்டு பக்கத்துப் பூவேலைக்குள்ளும் எந்தத் தகட்டில் அச்சடித்தது என்கிற எண் ஒளிந்திருக்கும். எண்கள் 71-லிருந்து 225 வரை போகும். அதில் 77-ஐ மறந்துவிட வேண்டும். சரியில்லை என்று ஒதுக்கிய தகடு அது. தப்பித்து வெளியே வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதன் விலைக்கு இங்கே வீடு வாங்கலாம். நான் பிடித்துக்கொண்டது 174. பெரிய காரணம் இல்லை, கையில் அதுதான் அதிகம் இருந்தது. மொத்தமாக வாங்கினால் ஒன்று முப்பது நாற்பது ரூபாய்க்கு விழும்.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். முதலில் திட்டு.

இந்த ஸ்டாண்டைச் செய்தவன் ஜென்மத்தில் ஒரு ஸ்குரூவை முறுக்கியிருக்க மாட்டான். நான் 34 வருடம் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவன். எனக்கு இது பொருள் குறை இல்லை, அவமானம். ஒரு கம்பி, அதில் ஏறி இறங்கும் ஒரு பிளாஸ்டிக் கழுத்து, இறுக்க ஒரு திருகு. இறுக்கினால் திருகு கம்பியில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் முட்டுகிறது. பிளாஸ்டிக் விரிந்து கொடுக்கிறது. ஃபோகஸ் பண்ணிவிட்டுக் கையை எடுத்தால் படம் தெளிவாக நிற்கும். நோட்டை எடுத்து எண் எழுதிவிட்டு நிமிர்வதற்குள் மைக்ரோஸ்கோப் மயிரிழை இறங்கியிருக்கும். ராணி முகம் மஞ்சுக்குள் போயிருக்கும். ஐம்பது மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது மயிரிழை என்பது ஒரு முழம். போதாததற்குப் பின்பக்க வயர் அவ்வளவு விறைப்பு. வயர் ஒரு பக்கம் இழுக்க, ஸ்டாண்டு இன்னொரு பக்கம் சாய, நடுவில் நான்.

எங்கள் வீடு சூரமங்கலத்தில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் போகும் நேரம் திரையில் ராணி தலையை ஆட்டுவார். அதற்கு ஸ்டாண்டைக் குறை சொல்ல மாட்டேன், நியாயம் வேண்டும். ரயில் போன பிறகும் இரண்டு நிமிடம் ஆடிக்கொண்டே இருக்கிறாரே, அதற்குச் சொல்வேன். ஒரு நைலான் வாஷர், கனமான அடித்தட்டு. எல்லாம் சேர்த்து முப்பது ரூபாய் செலவு. அதை மிச்சம் பிடித்துவிட்டுப் பெட்டியில் "1000 மடங்கு" என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறான். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலைக் கீழே வைத்து, லேப்டாப் திரையில் அளந்து பார்த்தேன். என்ன செய்தாலும் 200-க்கு மேல் போகவில்லை. அந்த 200-ம் ஸ்டாம்புக்குத் தேவையே இல்லை, நாற்பது ஐம்பது போதும். ஆனாலும் பொய் பொய்தான்.

ஐந்து வருடம் இதோடு மல்லுக்கட்டினேன். தீக்குச்சி சொருகினேன், சைக்கிள் டியூப் சுற்றினேன். போன தை மாதம் கழுத்தே விரிசல் விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஸ்டாண்டுங்களாண்ணா?" என்றார். பித்தளையில் ஒரு வளையம் கடைந்து, நடுவில் பிளந்து, இரண்டு காதையும் ஒரு போல்ட்டால் இறுக்கும்படி செய்துகொடுத்தார். இப்போது கம்பியைச் சுற்றிலும் பிடிக்கிறது. அடியில் ஒரு இரும்புத் தட்டை நானே ஒட்டினேன். கூலி 150. அன்றிலிருந்து இன்று வரை மயிரிழை இறங்கவில்லை. சந்தோஷப்படுவதா, ஐந்து வருடம் போச்சே என்று அடித்துக்கொள்வதா தெரியவில்லை.

இனி நல்லது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இதற்கு முன்னால் என்னிடம் இருந்தது அதே செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பத்து மடங்கு லென்ஸ். வெள்ளிக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. 174-ஆ 171-ஆ என்று பார்க்க ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, அரை மணியில் தலைவலி. இப்போது திரையில் அந்தக் கடைசி எண் கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிறது. நாலின் குறுக்குக் கோடு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. முதல் மாதத்திலேயே ஏற்கனவே அடுக்கி வைத்திருந்ததில் பதினோரு ஸ்டாம்பு 171 என்று தெரிந்து வெளியே போனது. அன்று வந்த கோபம் ஸ்டாண்டு மேல் வந்ததைவிடப் பெரிது. ஆனால் அது என் மேல்.

முத்திரை விழுந்த இடத்தில்தான் இது காசுக்கு மேல் வேலை செய்கிறது. பென்னி பிளாக்கில் சிவப்பு மையால் முத்திரை அடித்தார்கள். ஜனங்கள் அதைச் சுரண்டிக் கழுவி மறுபடி ஒட்டிவிட்டார்கள். அதனால் 1841-ல் ஸ்டாம்பைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். அந்தக் காலத்து ஏமாற்றுக்காரனுக்குப் போட்ட கறுப்பு மை, இந்தக் காலத்தில் என் எழுத்துகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தடித்த பட்டை பட்டையாக, ஈவிரக்கம் இல்லாமல்.

என் நோட்டில் ஓ-ஜி கட்டத்துக்கு இரண்டு ஸ்டாம்பு வந்தன. டூப்ளிகேட் என்று ஒன்றை ஒதுக்கி வைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள் சும்மா அதை வைத்து, எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து டார்ச்சைத் தாழ்த்தி அடித்தேன். இந்த ஸ்டாம்புகள் தகட்டில் பள்ளமாகச் செதுக்கி அதில் மை ஊற்றி அழுத்தி எடுத்தவை. அச்சு மை தாளின் மேல் மேடாக நிற்கும். முத்திரை மை அப்படி நிற்காது. சாய்வு வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைக்கு அடியில் அந்த ஓ-வின் வயிற்றிலிருந்து ஒரு சின்ன வால் எட்டிப்பார்த்தது. ஓ இல்லை, கியூ! மேல் வலது மூலையிலும் அதே வால், பாதி. கியூ வரிசையில் ஏழாவது கட்டம், மூன்று வருடமாகக் காலி. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இப்படிக் கத்துனீங்க, பால் பொங்கிடுச்சு" என்றார்.

இன்னொரு சந்தோஷம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்த எழுத்துகளை லெட்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் கையில் அடித்திருக்கிறார்கள். பெர்கின்ஸ் பேக்கன் அச்சுக்கூடத்தில் ராணி தலையை உருளை கொண்டு தகட்டில் 240 தடவை உருட்டிப் பதித்துவிட்டு, மூலைக் கட்டங்களில் ஆள் உட்கார்ந்து எழுத்து அடித்தார். நான்கு மூலை என்றால் ஒரு தகட்டுக்கு 960 அடி. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்று இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்று கட்டத்தின் கோட்டை முட்டுகிறது, ஒன்று ஆழம் குறைவு. கீழ் மூலைகளில் மட்டும் எழுத்து இருந்த 1841 வகையில் 77-ம் தகட்டில் ஓர் இடத்தில் பி அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏ அடிக்கவே மறந்துவிட்டார்கள். (இந்த 77 வேறு, மேலே சொன்ன 77 வேறு, அந்த எண்ணுக்கே ராசியில்லை போல.) நானும் ஜாப்பில் நம்பர் பஞ்ச் அடித்தவன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்ததையும் காலையில் அடித்ததையும் பார்த்தே சொல்லிவிடலாம். 174-ல் கே வரிசைக்குக் கீழே எழுத்துகள் கொஞ்சம் தளர்கின்றன. அந்த ஆள் டீ குடிக்கப் போகாமல் அடித்திருக்கிறார் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள்.

தைரியம் வந்து, தகட்டு எண் போடாத அந்த 1841 வகையிலும் இறங்கிப் பார்த்தேன். அங்கே எழுத்து கட்டத்துக்குள் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்தே நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டாம்பு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தாலும் அளவு மாறிவிடுகிறது. இரண்டு மாதத்தில் மூட்டை கட்டிவிட்டேன். அதற்கு இந்தச் சாமான் பத்தாது, எனக்குப் பொறுமையும் பத்தாது.

சில்லறை விஷயங்கள். கூட வந்த சாஃப்ட்வேர் இரண்டாவது வருடமே திறக்க மறுத்தது. விண்டோஸில் இருக்கும் கேமரா ஆப்பே போதும். நிறம் பார்க்க இதை நம்பாதீர்கள், எல்.இ.டி. வெளிச்சத்தில் ரோஜாச் சிவப்பும் செங்கல் சிவப்பும் ஒன்றாகிவிடும். காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. மழைக்காலத்தில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். மச்சான் எஸ்டேட் வீட்டில் ஒரு நவம்பர் மாதம் முயன்றேன். லென்ஸ் வேர்த்தது, ஸ்டாம்பு அப்பளம் போல வளைந்தது, கரண்ட் போனது.

ஆக, தம்பிக்குப் பதில்: வாங்காதீர்கள். 1,600-க்கும் வேண்டாம், 600-க்கும் வேண்டாம். முப்பது ரூபாய் வேலையைச் செய்யாமல் ஐந்து வருடம் என்னை ஆட்டிவைத்தவனுக்கு இன்னொரு ரூபாய் போகக் கூடாது. கியூ-வின் வாலைக் காட்டியது இதே சாமான்தானே என்று கேட்பீர்கள். காட்டியது டார்ச்சு.

இதைப் படித்துவிட்டும் நீங்கள் ஆர்டர் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். பெட்டியைப் பிரித்ததும் ஸ்டாண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு வாருங்கள், செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப் போகிறேன். வரும்போது உங்கள் டூப்ளிகேட் டப்பாவையும் கொண்டுவாருங்கள். எனக்கு இன்னும் ஒன்பது கட்டம் காலி. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. 174-ல் கீழே இடது மூலையில் எம், வலது மூலையில் பி இருந்தால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பாம்பே பி.