“ரவுட்டரை மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்” என்று கம்பெனியே போன் செய்தால் கொஞ்சம் பொறுங்கள்

பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, “உங்க ரவுட்டர் பழசு, ஃப்ரீயா புதுசு மாத்தித் தர்றோம்” என்று சொன்னால், சரி சொல்வதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயரைப் போட்டால் “நாங்க வேற கம்பெனி, நமக்கு இதெல்லாம் நடக்காது” என்று பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் இருந்த பிரச்சினை இவ்வளவுதான்: பின்னறையில் வைஃபை சரியாக எடுக்காது. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஏறக்குறைய முழு வேகமும் வரும். பின்னறைக்குப் போனால் வீடியோ காலில் எதிரே இருப்பவர் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான் முட்டிமோதிக்கொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று இடிக்காத சேனல் என்று அதில் 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் சொல்வார்கள். ஆக, கோளாறு ரவுட்டரில் இல்லை, அது இருந்த இடத்தில். பக்கத்தில் முழு வேகம், தள்ளிப் போனால் பூஜ்யம் என்றால் வேறு என்ன அர்த்தம்?

இதையெல்லாம் கஸ்டமர் கேரில் பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுதி வைத்ததை வாசித்தார்: “மேடம், உங்க டிவைஸ் அவுட்டேட்டட் ஆயிடுச்சு. 1200 எம்பிபிஎஸ் டூயல் பேண்ட் ரவுட்டர் வந்திருக்கு. உங்களுக்கு ஃப்ரீ அப்கிரேடு.” பழைய ரவுட்டரும் டூயல் பேண்ட், அதாவது இரண்டு அலைவரிசையும் உள்ளதுதான் என்றேன். “இது இன்னும் நல்லா இருக்கும் மேடம்.” அதோடு முடிந்தது.

டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார். சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியைத் தொடவில்லை. அதிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரில் பிடுங்கிப் புதியதில் செருகி, அதே ஆணியில் மாட்டினார்.

“தம்பி, பின்னறைல ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக் காட்டுப்பா.”

“அக்கா, புது ரவுட்டர் செட்டாகக் கொஞ்ச நேரம் ஆகும். நாளைக்குப் பாருங்க, சும்மா பறக்கும்.”

அப்படி எதுவும் செட்டாகாது. ரவுட்டர் ஆன் ஆகி, இணைப்பு கிடைத்து, சில நிமிடங்கள் போனால் அதனால் முடிந்த வேகத்தைக் கொடுத்துவிடும். இன்றைக்கு வராத வேகம் நாளைக்குத் தானாக வராது. சந்தேகமாகப் பார்த்தேன் போலிருக்கிறது. தன் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டு, 280-க்கு மேல் காட்டிய திரையை வாட்ஸ்அப்பிலும் எனக்கு அனுப்பிவிட்டார். பிறகு, “வேலை முடிஞ்சதுக்கு ஒரு ஓடிபி வரும்க்கா, சொல்லுங்க” என்றார். குறுஞ்செய்தியில் ‘உங்கள் சேவைக் கோரிக்கையை உறுதிசெய்ய’ என்றுதான் இருந்தது. பழைய ரவுட்டரை அடாப்டரோடு பையில் போட்டுக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, “ஆபீஸ்ல என்ட்ரி போட்டுடுவேன்க்கா” என்று கிளம்பினார். இந்த மூன்றும், அதாவது அந்த ஸ்கிரீன்ஷாட், அந்த ஓடிபி, அந்த ரசீது இல்லாத பை, பிறகு ஒவ்வொன்றாக வேலையைக் காட்டின.

அன்று மாலை ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து டெஸ்ட் போட்டேன். 94. மறுபடி போட்டேன். 93. லேப்டாப்பில் லேன் கேபிள் செருகிப் பார்த்தேன். 94. விஷயம் தெரிந்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள ரவுட்டரில், தகவலோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் சுமை போக, ஸ்பீடு டெஸ்டில் கிடைப்பது சுமார் 94தான். அதே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், போர்ட்டாக இருந்தால் 940 வரை போகும். கேபிளும் காரணமாகலாம். லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அந்த இரண்டும் நன்றாக இருந்து மற்றதில் ஒரு ஜோடி அறுந்திருந்தால் இரு பக்கமும் பேசிவைத்துப் பெரும்பாலும் 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால் வேறு கேபிள் போட்டும் பார்த்தேன். லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 100 என்றே நின்றது. ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 10/100. அதற்குப் பின்னால் வர வேண்டிய 1000 இல்லை.

300 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டுகிறவர் வீட்டில், 100-க்கு மேல் போகவே முடியாத பெட்டியை ‘அப்கிரேடு’ என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போன பழைய ரவுட்டரில் கிகாபிட் போர்ட் இருந்தது.

அப்படியானால் அந்த 1200? அது பொய் இல்லை, அதுதான் இதில் வேடிக்கை. ஏசி1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தூக்கி 1200. ஒரு போனோ லேப்டாப்போ ஒரு நேரத்தில் சாதாரணமாக ஒரு பேண்டில்தான் இருக்கும், அதனால் அந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. போதாக்குறைக்கு இவை ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பாதி, அதைவிடக் கொஞ்சம் கூட வந்தால் நல்ல ரவுட்டர். இவ்வளவையும் விட்டுக்கொடுத்தாலும், வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும் போர்ட் 100தான். வாசல் ஒற்றைக் கதவாக இருக்கும்போது உள்ளே கூடம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன பிரயோஜனம்?

பிறகு பையன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பீடு டெஸ்ட் ஆப்பில் வேகத்துக்குக் கீழே நெட்வொர்க் பெயர் சின்னதாக வரும், யாரும் கவனிப்பதில்லை. அதில் இருந்தது என் பிராட்பேண்ட் கம்பெனி பெயர் இல்லை, ஒரு மொபைல் நெட்வொர்க்கின் பெயர். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் டெஸ்ட் போட்டிருக்கிறார். என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு என் காதிலேயே பூ சுற்றல். யாராவது தங்கள் போனில் வேகம் காட்டினால் அந்த ஒரு வரியைப் படியுங்கள். அதைவிட நல்லது, உங்கள் லேப்டாப்பில் கேபிள் செருகிக் காட்டச் சொல்வது.

பெட்டியாவது புதியதா? ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்தேன். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். எந்த வீட்டில் வேண்டுமானாலும் முயன்று பாருங்கள், திறந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளே கெஸ்ட் நெட்வொர்க் பகுதியில் யாரோ ஒரு குடும்பத்தின் பெயரில் வைஃபை. போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில், வெளியிலிருந்து நேராக உள்ளே ஒரு கேமராவுக்குப் போகும் வழி திறந்தே கிடந்தது. இன்னொரு வீட்டிலிருந்து கழற்றி, ரீசெட்கூடச் செய்யாமல் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. கேமராவின் பெயரை வைத்தே எந்த அறை என்று சொல்லிவிடலாம். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

எங்கள் வைஃபைக்குப் பையன் வைத்த பாஸ்வேர்ட் என் மொபைல் நம்பர். இது ரொம்ப நாளாக நடக்கும் வழக்கம், உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் இன்றே மாற்றுங்கள். உங்கள் நம்பர் தெரிந்த எல்லாருக்கும் பாஸ்வேர்ட் தெரியும் என்று அர்த்தம். பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலோ பின் நம்பராலோ வைஃபையில் சேர வைக்கும் டபிள்யூபிஎஸ்ஸும் ஆனிலேயே இருந்தது. அதன் எட்டு இலக்க பின் நம்பரை ஒவ்வொன்றாகப் போட்டு முயன்று உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த சமாச்சாரம். அணைத்து வைப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்த பில்லில் மிச்சமும் வந்தது. ‘பிரீமியம் வைஃபை டிவைஸ்’ என்று மாத வாடகை. ‘திருப்பித் தராத சாதனம்’ என்று பழைய ரவுட்டருக்கு ஒரு தொகை. கேட்டால், ஓடிபி சொன்னபோதே வாடகைக்கும் புது ஒப்பந்தக் காலத்துக்கும் சம்மதம் கொடுத்துவிட்டேனாம். ஃப்ரீ என்றது பெட்டியைத்தானாம், வாடகையை இல்லையாம்!

பழைய ரவுட்டருக்குப் போட்ட தொகையை எடுக்க வைத்துவிட்டேன். உதவியது ஒரு சாதாரண விஷயம்: வைஃபை பாஸ்வேர்டுக்காக எப்போதோ ரவுட்டரின் அடிப்பாகத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதில் சீரியல் நம்பரும் இருந்தது. அதையும், டெக்னீஷியன் வந்த நாளின் சர்வீஸ் டிக்கெட் எண்ணையும், அன்றைய வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து மெயில் போட்டேன். போனில் எவ்வளவு பேசினாலும் எடுபடவில்லை. மெயிலுக்குப் பதில் வந்தது, பில்லிலிருந்து அந்தத் தொகை நீங்கியது. கம்பெனிப் பொருளை யார் எடுத்துப் போனாலும் சீரியல் நம்பரோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். “எழுத முடியாது” என்றால், “அப்ப இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டுவது என்று முடிவெடுத்தேன். அதற்கும் முட்டுக்கட்டை. எங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை, அதாவது ரவுட்டர் லாகின் செய்தால்தான் இணையம் வரும். யூசர்நேம், பாஸ்வேர்ட், லைனில் இணையத்துக்கென்று ஒதுக்கிய விலேன் எண் மூன்றும் இருந்தால்தான் வேறு ரவுட்டர் பேசும். “செக்யூரிட்டி காரணமாகத் தர முடியாது” என்றார்கள். என் கணக்கின் பாஸ்வேர்டை எனக்கே தராமல் யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. இது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், எந்த ரவுட்டர் வைப்பது என்பது வாடிக்கையாளர் விருப்பம். கேட்டால் விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 2020 டிசம்பரிலிருந்து, வாடிக்கையாளர் சொந்த ரவுட்டர் வைத்திருந்தால் கம்பெனி வாடகை வசூலிக்கக் கூடாது. எனக்கு விவரங்கள் கிடைத்தது கடைசியில் மெயிலில்தான், அதுவும் புகார் மேலதிகாரியிடம் போன பிறகு. நீங்கள் மாற்றுவதாக இருந்தால் ரவுட்டர் வாங்குவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சில கம்பெனிகள் பழைய ரவுட்டரின் மேக் அட்ரஸையும் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிந்து வைத்திருப்பார்கள். புதியதில் அந்த எண்ணை நகலெடுக்கும் ‘மேக் குளோன்’ போட்டால் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் அவர்களிடம் சொல்லி மாற்ற வேண்டும். லேண்ட்லைன் போன் கம்பெனி பெட்டி வழியாக வருகிறது என்றால் அந்தப் பெட்டியைக் கழற்றாதீர்கள், போன் செத்துவிடும். அதை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, போடச் சொல்லிவிட்டு உங்கள் ரவுட்டரைப் பின்னால் மாட்டலாம். பிரிட்ஜ் போடாமல் இரண்டையும் ரவுட்டராகவே ஓடவிட்டால் இரட்டை நேட் (முகவரி மாற்றும் வேலை இரண்டு தடவை நடப்பது) ஆகி, ஆன்லைன் கேமும் ஆபீஸ் வேலைக்கான சில விபிஎன் இணைப்புகளும் மக்கர் செய்யும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்த ரவுட்டரும் உதவாது. வரும் ஒளி சிக்னலே வரவில்லை என்று அர்த்தம், கம்பெனிதான் வந்து பார்க்க வேண்டும். அந்த நிலையில்கூட ரவுட்டர் விற்கப் பார்ப்பவர்கள் உண்டு.

வாங்கும்போது நான் பார்த்தது: வெளி இணைப்பு போர்ட்டும் லேன் போர்ட்டுகளும் கிகாபிட்தானா, வைஃபை 6 தானா, தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டை ஒழுங்காக வெளியிடுகிறாரா. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. சிலந்தி மாதிரி எட்டுக் கால் நீட்டிக்கொண்டிருந்தாலும், சிக்னலை எவ்வளவு பலமாக அனுப்பலாம் என்பதற்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டி எந்தப் பெட்டியும் கத்த முடியாது.

பின்னறைக்கு? சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து, அந்தப் பக்கம் சும்மா கிடந்த ஒரு ரவுட்டரை, கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் போட்டேன். அங்கே இப்போது 280 வருகிறது. கஸ்டமர் கேரில் முதல் நாளே “ஒரு கேபிள் இழுத்துக்கோங்க மேடம்” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும், ஆனால் கேபிளுக்கு மாத வாடகை போட முடியாதே. இடையில் எக்ஸ்டெண்டரும் விற்கப் பார்த்தார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் சாதா எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் இழுக்கவே வழியில்லாத வீடு என்றால், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ்ஷில், அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி பேண்ட் வைத்திருக்கும் வகை பரவாயில்லை.

வாடகை விவகாரம் இன்னும் தீரவில்லை. அவர்கள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சீரியல் நம்பரோடு ரசீது வாங்கிவிட்டேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகை ஓடும் என்கிறார்கள். “உங்கள் ஓடிபி எங்கள் பதிவில் உள்ளது” என்பதுதான் கடைசியாக வந்த பதில். அந்தக் குறுஞ்செய்தியில் வாடகை, ஒப்பந்தம் என்ற இரண்டு வார்த்தைகளும் எங்கே இருக்கின்றன என்று ஸ்கிரீன்ஷாட்டோடு திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.