காரில் ஆம்ப் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: திருட்டு கார்ப்பெட்டுக்கு அடியில் நடக்கிறது

குற்றால சீசன் நெருங்கினாலே காரில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்), சப்வூஃபர் (கனத்த பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) மாட்டுகிறவர்கள் நம்ம பக்கத்தில் அதிகமாகிவிடுவார்கள். திருநெல்வேலியில் ஒரு கடையில் மாட்டி நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப் போலி இல்லை, ஸ்பீக்கரும் போலி இல்லை. கண் முன்னால் பெட்டியைப் பிரித்துத்தான் மாட்டினார்கள். கை வைத்தது வயரில்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். நான்கு சேனல் ஆம்ப், முன் கதவுகளில் ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு சப். "வயர் கிட் எல்லாம் சேர்த்துத்தான் அண்ணாச்சி ரேட்டு, ஒரிஜினல் காப்பர்" என்றார் கடைக்காரர். பில் கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேராம். விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்.

கடை வாசலில் நன்றாகத்தான் பாடியது. நாகர்கோவில் ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தது வினை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் கூடவே ஏறுகிறது. நாங்குநேரி தாண்டி வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால், பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. அப்புறம் ஆம்பில் சிவப்பு லைட், பாட்டு கட். ஓரங்கட்டி அணைத்துப் போட்டால் திரும்ப வரும். வள்ளியூர் போவதற்குள் மறுபடியும் கட்.

கடைக்குத் திரும்பப் போனேன். ஒரு மீட்டர் எடுத்து வைத்துப் பார்க்கவில்லை, கார்ப்பெட்டைத் தூக்கவில்லை. "ஆம்பு போச்சு அண்ணாச்சி. வெயில்ல நின்னா போகத்தான் செய்யும். மூவாயிரம் வாட்ஸ் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுருவோம். பழசை நானே எடுத்துக்கிடுதேன்" என்றார். புதுசாக வாங்கிய ஆம்ப் வாரக்கணக்கில் பழசாகிவிட்டது! யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பாசமுத்திரத்தில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 14 வோல்ட். ஆம்பின் டெர்மினலில் வைத்தார்: பேஸ் விழும்போது 10.4. "ஆம்புக்கு ஒரு நோவும் இல்ல. அதுக்குச் சோறு போய்ச் சேரல" என்றார். ஆம்ப் சிவப்பு லைட் போட்டது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பிறகு கார்ப்பெட்டைத் தூக்கினோம். வயரின் உறையில் 8 கேஜ் (வயரின் தடிமன் அளவு) என்று அச்சு. நுனியை வெட்டினால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக், நடுவில் கொஞ்சம் இழை. அதில் ஒன்றை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். அசல் செம்பு கடத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். எர்த் வயரை, பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் ஒரு ஸ்குரூவில் முடுக்கி வைத்திருந்தார்கள். இரைச்சலுக்கு அந்த எர்த்தும் காரணம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பவர் வயரோடு ஒரே கட்டாகக் கட்டியதும் காரணம். சப்பில் 4 ஓம் காயில் இரண்டு. அவற்றை பேரலலில் சேர்த்து 2 ஓம் ஆக்கியிருந்தார்கள். இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் (பிரிட்ஜ் செய்தால்) 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று ஆம்பின் மேலேயே எழுதியிருக்கிறது.

இதெல்லாம் பாட்டோடு போகிற விஷயம். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை. எஞ்சினிலிருந்து வண்டிக்குள் வயர் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும் இல்லை. வண்டி ஆடும்போதெல்லாம் தகட்டின் விளிம்பில் உரசி, அந்த இடத்தில் சிவப்பு உறை பளபளவென்று தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து இழை தகட்டில் பட்டால், பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த வழியாகப் பாயும். தடுக்க ஒன்றுமே இல்லை. ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும், வழியில் இருக்கும் வயரைக் காக்காது. வயரைக் காக்கும் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, அதற்கு அடியில் இப்படி ஒரு வயரோடு கன்னியாகுமரி வரை போய் வந்திருக்கிறோம்.

எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார்: அசல் செம்பு வயர், பேட்டரி அருகே ஃபியூஸ், ரப்பர் புஷ், பெயின்ட்டைத் தேய்த்தெடுத்துத் திம்பிள் போட்டு முடுக்கிய எர்த், ஆர்சிஏ தனிப் பக்கம். சப்பின் காயில்களைச் சீரீஸில் மாற்றி 8 ஓம் ஆக்கினார். பவர் குறையும்தான், ஆனாலும் சின்ன வண்டிக்கு அது தாராளம். முழுசாகத் திருகி வைத்திருந்த கெயினையும் குறைத்தார். கெயின் வால்யூம் இல்லை, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகுதான். அதை ஏற்றி வைத்தால் சத்தம் சிதறும், ட்வீட்டர் கருகும். 'போன' ஆம்ப் இப்போது ஜம்மென்று பாடுகிறது.

வாட்ஸ் கதையையும் நம்பாதீர்கள். என் ஆம்பின் பெட்டியில் 1,800 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. அதில் இருப்பதோ 30 ஆம்பியர் ஃபியூஸ். 30 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட்ஸ். ஏபி வகை ஆம்பில் அதில் பாதிக்குப் பக்கம் சூடாகவே போய்விடும். ஃபியூஸைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வயரை வெட்டும்போது ஒரு துண்டை வாங்கிச் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட விடாத கடையில் வேலையே வேண்டாம். புது வண்டியாக இருந்தால் கம்பெனி வயரை வெட்ட விடாமல் கப்ளர் (செருகும் கனெக்டர்) போட்டு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாரண்டி கேட்கும்போது அதையே காட்டித் தட்டிக் கழிப்பார்கள். வயர் என்ன கேஜ், செம்பா இல்லையா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கழற்றிய வயரைக் கொண்டுபோய்க் காட்டினால், "இது நாங்க போட்டது இல்லையே" என்கிறார் அதே கடைக்காரர். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது அந்த விசிட்டிங் கார்டும், ஜிபே ரசீதும், கார்ப்பெட்டைத் தூக்கியபோது எடுத்த போட்டோக்களும்தான். பணம் திரும்பி வந்தால் சொல்கிறேன்.